புள்ளி ஒன்று, கோலம் பல

சிறிய கார்களை விளம்பரங்கள் "சிட்டி கார்" என்கின்றன. மதுரையின் மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் நினைத்தால் அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த தெருக்கள் அவை. சாமி புறப்பாட்டுக்கென்று வகுக்கப்பட்ட அந்த வீதிகளில் இன்று லோடு ஆட்டோவும் டூ வீலரும் கைவண்டியும் நடந்து போகிறவர்களும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். அதற்குள் ஒரு காரை நுழைத்துத் திருப்பி வெளியே கொண்டுவர நாலு மீட்டருக்கு உட்பட்ட கார்தான் தோது. ஆனால் வாரம் முழுக்க சிம்மக்கல்லிலும் கீழவாசலிலும் ஊர்ந்த அதே கார், ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறது. முகூர்த்த நாளில் மேலூருக்கோ திருப்புவனத்துக்கோ கல்யாணத்துக்குப் போகிறது. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி, விருதுநகர் போகும் நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவே ஓடுகிறது. நகரத்துக்குள் மட்டுமே ஓடும் கார் என்று மதுரைக் குடும்பங்களிடம் ஒன்று கிடையாது. அதனால் இந்தச் சிறிய கார்கள் எதன் மேல் கட்டப்படுகின்றன, அந்த அடித்தளத்தை யார் யார் பகிர்ந்துகொள்கிறார்கள், பகிர்வதால் மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளும் வாங்குகிறவரின் உயிரைத் தொடும் கேள்விகள்.

கார் தொழிலில் "பிளாட்ஃபார்ம்" என்ற சொல் அடிக்கடி அடிபடும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கரூரில் இருந்து தொடங்கலாம். அசோக் லேலண்டின் வெறும் சேஸ் கரூருக்குப் போகிறது. பாடி கட்டும் பட்டறைகள் அதன் மேல் ஒருவருக்கு டவுன் பஸ்ஸும் இன்னொருவருக்குச் சொகுசு பஸ்ஸும் கட்டித் தருகின்றன. கீழே இருப்பது ஒன்று, மேலே தெரிவது வேறு. பழைய ஜீப்பும் லாரியும் இந்த முறைதான். இன்றைய சிறிய கார்களில் அப்படிப் பிரித்தெடுக்கக்கூடிய சேஸ் கிடையாது. தரைத்தகடு, தூண்கள், கூரை எல்லாம் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நிற்கின்றன. ஆகவே பிளாட்ஃபார்ம் என்பதைக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு பொருளாக நினைக்கக் கூடாது. அதைப் புள்ளிக் கோலத்தின் புள்ளிகளாக நினைத்தால் சரியாக இருக்கும். முன்சக்கரம் எங்கே, சஸ்பென்ஷன் எந்த இடத்தில் மாட்ட வேண்டும், எஞ்சின் எந்த மூன்று நாலு இடத்தில் தாங்கி நிற்க வேண்டும், ஸ்டீயரிங் தண்டு எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும், மோதலில் வரும் விசை எந்த வழியாகப் பின்னோக்கிப் பாய வேண்டும் என்பவை புள்ளிகள். இவற்றை முடிவுசெய்து, கணக்குப் போட்டு, மோதிப் பார்த்துச் சரிசெய்யத்தான் ஆண்டுகளும் கோடிகளும் செலவாகின்றன. புள்ளிகள் அமைந்துவிட்டால் அவற்றைச் சுற்றி இழுக்கும் கோடுகளை மாற்றி வேறு வேறு கார்களை வரையலாம்.

ரெனோவும் நிசானும் 2013-ல் இதை இன்னும் ஒரு படி நகர்த்தின. எஞ்சின் அறை, முன் அடிப்பகுதி, பின் அடிப்பகுதி, ஓட்டுநர் இருக்கும் பகுதி, மின்னணு அமைப்பு என்று காரை ஐந்து பெரும் பகுதிகளாகப் பிரித்து, அவற்றைக் கலந்து சேர்த்துப் பல கார்களைச் செய்யும் முறையை அறிவித்தன. அதற்கு சி.எம்.எஃப். என்று பெயர். புது மாடல் ஒன்றை உருவாக்கும் தொடக்கச் செலவில் 30 முதல் 40 சதவீதமும், உதிரிபாகம் வாங்கும் செலவில் 20 முதல் 30 சதவீதமும் குறையும் என்று அந்தக் கூட்டணி அப்போது சொன்னது. இது கம்பெனியின் சொந்தக் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என்றாலும் அதன் தர்க்கம் மதுரைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் புதிதல்ல. கோச்சடையில் பெல்ட்டும் ஆயில் சீலும் செய்யும் ஜே.கே. ஃபென்னர் இருக்கிறது, அருப்புக்கோட்டை சாலையில் ஆவியூரில் சுந்தரம் ஃபாஸனர்ஸின் ஆலை இருக்கிறது. அந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ்தான் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுத்துப் பெயர் வாங்கியது. ஒரே அச்சில் பத்தாயிரம் மூடி செய்வதற்கும் பத்து லட்சம் மூடி செய்வதற்கும் ஒரு மூடியின் அடக்கவிலையில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பது பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். பிளாட்ஃபார்மைப் பகிர்வது அந்த வித்தியாசத்தை முழுக் காருக்கும் விரிப்பதுதான்.

அந்த சி.எம்.எஃப். குடும்பத்தின் மிகச் சிறிய பிளாட்ஃபார்மான சி.எம்.எஃப்.-ஏ தமிழ்நாட்டில்தான் உருவெடுத்தது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அவர்களின் தொழில்நுட்ப மையம் இயங்கியது. பிரான்சில் லோகன் என்ற மலிவு விலைக் காரை உருவாக்கிய அணியில் முக்கியமானவரான ஜெரார் டெதூர்பே சென்னைக்கு வந்து இந்த வேலைக்குத் தலைமை ஏற்றார். ஐரோப்பாவில் செய்ததை இங்கே எளிமையாக்கி விற்காமல், வெற்றுத் தாளில் இருந்து தொடங்கியதுதான் அவருடைய அணியின் துணிச்சல். 2015 செப்டம்பரில் ரெனோ க்விட் வெளிவந்தது. 799 சி.சி. எஞ்சின், தொடக்க விலை 2.57 லட்சம், பாகங்களில் 98 சதவீதம் இந்தியாவிலேயே வாங்கப்பட்டவை என்று கம்பெனி சொன்னது. ஒரு சக்கரத்துக்கு மூன்றே நட்டு, முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர் என்று ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்த கார் அது. அடுத்த ஆண்டு அதே அடித்தளத்தில், நிசானின் இன்னொரு சின்னமான டாட்சனின் ரெடி-கோ வந்தது. அதை நீட்டிப் பெருக்கி 2019-ல் மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட ட்ரைபர், 2020-ல் நிசான் மேக்னைட், 2021-ல் ரெனோ கைகர் வந்தன. க்விட் பிரேசிலுக்குப் போய் அங்கேயே தயாரானது. சீனாவில் மின்சாரக் காராக மாறி, டாசியா ஸ்ப்ரிங் என்ற பெயரில் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து மண்ணில் போட்ட புள்ளிகள் நாலு கண்டங்களில் கோலமாகியிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பொறியியலின் பெரிய சாதனைகளில் ஒன்று என்று இதை நான் தயங்காமல் சொல்வேன்.

பகிர்வு என்றாலே ஒரே காருக்கு இரண்டு பெயர் வைத்து ஏமாற்றுவதுதானே என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. அதே ஒரகடத்தில் அதுவும் நடந்தது. நிசான் மைக்ரா சின்னத்தை மாற்றி ரெனோ பல்ஸ் ஆனது. நிசான் சன்னி ரெனோ ஸ்காலா ஆனது. முகப்பும் விளக்கும் கொஞ்சம் மாறின, கதவும் கூரையும் அப்படியே இருந்தன. பல்ஸும் ஸ்காலாவும் எடுபடவில்லை. ஆனால் க்விட்டையும் ட்ரைபரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், உடன்பிறப்பு என்று சொல்லித்தான் தெரிய வேண்டும். ஒன்றில் நாலு பேர் சௌகரியமாகப் போகலாம்; இன்னொன்றில் தாத்தா பாட்டியோடு ஏழு பேர் உட்காரலாம். சின்னத்தை மாற்றுவது வாங்குகிறவருக்கு எதையும் தருவதில்லை. அடித்தளத்தைப் பகிர்ந்து மேற்கட்டை மாற்றும்போது, தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாத ஒரு கார் சந்தைக்கு வருகிறது. ஏழு இருக்கைக் காரை நாலு மீட்டருக்குள், ஐந்து லட்சத்துக்குக் கீழே தொடங்கும் விலையில் ட்ரைபர் கொண்டுவர முடிந்ததற்குப் பகிர்ந்த அடித்தளம் பெரிய காரணம்.

இனி மிச்சமான பணத்தின் கேள்விக்கு வருவோம். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய க்விட்டை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. வெவ்வேறு வகை க்விட்களைச் சோதித்தும், ஓட்டுநர் ஏர்பேக் இருந்த வகை உட்பட எல்லாவற்றுக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அந்த ஆண்டே திருத்திக் கொண்டுவந்ததற்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. 2017-ல் பிரேசிலில் தயாரான க்விட், கூடு வலுப்படுத்தப்பட்டு நான்கு ஏர்பேக்குகளுடன் லத்தீன் என்கேப் சோதனைக்குப் போய் மூன்று நட்சத்திரம் வாங்கியது. பெயர் ஒன்று, பிளாட்ஃபார்ம் ஒன்று. கிடைத்த பாதுகாப்பு வேறு. சுசூகியின் ஹார்டெக்ட் பிளாட்ஃபார்மும் இதே கதையைச் சொல்கிறது. அதன் மேல் கட்டிய எஸ்-பிரெஸ்ஸோ 2020-ல் பூஜ்யம் வாங்கியது. அதே பெயர் கொண்ட பிளாட்ஃபார்மின் மேல் வந்த புதிய டிசையர், விதிகள் கடுமையான பிறகும், 2024-ல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பிளாட்ஃபார்ம் பகிரப்பட்டதால் கார் பலவீனமாகிவிட்டது என்று சொல்ல இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. அந்த அடித்தளத்தின் மேல் எந்த எஃகை எவ்வளவு கனத்தில் எங்கே வைப்பது என்று எடுக்கப்பட்ட முடிவுதான் நட்சத்திரங்களைத் தீர்மானித்திருக்கிறது. அந்த முடிவு சந்தைக்குச் சந்தை மாறியிருக்கிறது.

வெவ்வேறு அமைப்புகளின் நட்சத்திரங்களை அப்படியே ஒப்பிடலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். முழுவதும் ஒப்பிட முடியாது. விதிகளும் மதிப்பெண் முறையும் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. ஆனால் பிரேசில் க்விட்டின் கூட்டை வலுப்படுத்தினார்கள் என்பது மதிப்பெண் முறையைப் பொறுத்த விஷயமில்லை. ஏர்பேக் போட்டுவிட்டால் போதாதா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2014 ஜனவரியில் சோதித்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஏர்பேக் இல்லாமல் பூஜ்யம் வாங்கியது. இரண்டு ஏர்பேக் சேர்த்ததும் நாலு நட்சத்திரத்துக்கு ஏறியது, ஏனென்றால் அதன் கூடு மோதலில் உருக்குலையாமல் நின்றது. 2016-ல் க்விட்டுக்கு ஏர்பேக் இருந்தும் நட்சத்திரம் வரவில்லை. சுவர் பலமாக இருந்தால்தான் கதவுக்குப் போடும் பூட்டுக்கு மதிப்பு. ஏர்பேக்கைப் பிற்பாடு சேர்க்கலாம், சட்டம் போட்டுக் கட்டாயமாக்கலாம், ஆக்கவும் ஆக்கினார்கள். கூட்டின் பலம் காரை வடிவமைக்கும்போதே தீர்மானிக்க வேண்டியது.

இதற்கு எதிராக எழும் வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. மூன்று லட்சத்துக்குக் கார் கேட்டுவிட்டு ஐந்து நட்சத்திரமும் கேட்கலாமா, விலை ஏறினால் அந்தக் குடும்பம் திரும்பவும் டூ வீலரில்தானே போகும், அது இதைவிட ஆபத்தில்லையா என்பது அந்த வாதம். டாடா நானோவை முன்வைத்தபோதும் இதுவே சொல்லப்பட்டது. அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை, பெட்ரோல் டாங்கில் இன்னொரு பிள்ளை என்று தல்லாகுளத்தில் பார்க்கும் காட்சி பொய்யில்லை. அவர்களுக்குக் கூரையும் நாலு சக்கரமும் கிடைப்பது முன்னேற்றம்தான். ஆனால் இந்த வாதம் டூ வீலரையும் காரையும் ஒரே வேகத்தில், ஒரே சாலையில் வைத்து ஒப்பிடுகிறது. கார் வந்த பிறகு பயணமே மாறிவிடுகிறது. டூ வீலரில் அண்ணா நகருக்கும் புதூருக்கும் போய்வந்த குடும்பம், கார் வாங்கிய பிறகு ஐந்து பேராக ஏறி நான்குவழிச் சாலையில் எண்பது, தொண்ணூறு வேகத்தில் ராமேஸ்வரத்துக்கும் திருச்செந்தூருக்கும் போகிறது. 64 கிலோமீட்டர் வேகத்திலேயே கூடு நசுங்கும் என்றால் அந்தச் சாலையில் அவர்களைக் காப்பது எது? விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூடுதல் எஃகின் விலை ஒவ்வொரு காருக்கும் சேரும், அதை மறுக்க முடியாது. ஆனால் கூட்டை எப்படி வலுவாக்குவது என்று கண்டுபிடிக்கும் பொறியியல் செலவும், மோதிப் பார்க்கும் செலவும் ஒரே தடவை வருபவை. அவற்றை நாலு மாடல்கள் மேல், லட்சக்கணக்கான கார்கள் மேல் பரப்பிவிடப் பகிர்வைவிடச் சிறந்த வழி இல்லை. தனியாகச் செய்த மலிவுக் காரால் தாங்க முடியாத பாதுகாப்பைப் பகிர்ந்து செய்த காரால் தாங்க முடியும். பகிர்வை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பகிர்ந்தால் குறையும் பகிரப்படும் என்பது இன்னொரு மறுப்பு. அது உண்மை. 2016 அக்டோபரில் எரிபொருள் குழாய் தொடர்பான கோளாறுக்காக 50,000-க்கும் மேற்பட்ட க்விட்களைத் திரும்ப அழைத்தபோது, 932 ரெடி-கோ கார்களும் கூடவே அழைக்கப்பட்டன. செக் நாட்டின் கோலின் நகரில் டொயோட்டா ஐகோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1 என்ற மூன்று நகரக் கார்களும் 2005 முதல் ஒரே ஆலையில் தயாராயின. 2010-ல் டொயோட்டாவின் ஆக்சிலரேட்டர் பெடலில் சிக்கல் என்று தெரிந்ததும், பெஜோ, சிட்ரோயன் இரண்டையும் விற்ற பிரெஞ்சுக் கம்பெனியும் ஏறத்தாழ ஒரு லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆயிரம் கார்கள் மட்டும் விற்ற மாடலில் ஒரு கோளாறு இருந்தால் அது ஒரு மெக்கானிக்கின் முணுமுணுப்போடு முடிந்துபோகும். லட்சம் கார்களில் அதே கோளாறு இருந்தால் அது கணக்கில் தெரியும், செய்தியாகும், கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மாடலில் கண்டுபிடித்த குறை, அதன் உடன்பிறப்பிலும் திருத்தப்படுகிறது. இது நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது: எந்தக் கார் எதன் உடன்பிறப்பு என்பது வாங்கியவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அறிவு எவ்வளவு பயன்படும் என்பதை டாட்சன் காட்டியது. 2022-ல் அந்தப் பெயரையே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். ஒரு கம்பெனி கடையைக் கட்டினால் அதன் காரை வைத்திருப்பவர் பாகத்துக்கு அலைவார். பெருநகரத்தில் எங்காவது கிடைப்பது வாடிப்பட்டியிலும் சோழவந்தானிலும் கிடைக்காது. ஆனால் ரெடி-கோவின் எஞ்சினும் கியர் பாக்ஸும் க்விட்டின் வழிவந்தவை. க்விட் ஓடும் வரை அவற்றைத் தெரிந்த கைகளும் பாகங்களும் இருக்கும். விளக்கு, பம்பர், கண்ணாடி, கதவுத் தகடு ஆகியவை வேறு. அவற்றுக்கு உடன்பிறப்பு உதவாது. எது பொது, எது தனி என்ற பட்டியலைக் கம்பெனிகள் வெளியிடுவதில்லை. ஒரே பாகம் இரண்டு சின்னங்களின் கீழ் இரண்டு எண்களோடு விற்கும்போது, எது எதற்குப் பொருந்தும் என்பது மெக்கானிக்கின் அனுபவத்துக்கு விடப்படுகிறது. பொறியியலைப் பகிர்ந்தவர்கள் தகவலையும் பகிர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

கம்பெனிகளின் கூட்டுகள் நிலைக்காது என்பதும் இந்தக் கோரிக்கைக்கு வலுச் சேர்க்கிறது. கோலின் ஆலையை 2021-ல் டொயோட்டா முழுவதுமாக எடுத்துக்கொண்டது. ஒரகடத்தில் நிசானிடம் இருந்த 51 சதவீதப் பங்கை ரெனோ 2025-ல் வாங்கிக்கொண்டது. மேக்னைட் தொடர்ந்து அங்கேதான் தயாராகிறது. கம்பெனிகள் சேரும், பிரியும். காரோ பத்துப் பதினைந்து வருஷம் நம் வாசலில் நிற்கும்.

அரசுக்கும் இதில் பங்கு இருக்கிறது. நாலு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு அரசு வரிச் சலுகை தருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், அதற்கு முன்பு 28 சதவீதமும் செஸ்ஸும். ட்ரைபர், கைகர், மேக்னைட் மூன்றும் நாலு மீட்டருக்கு ஒரு விரற்கடை குறைவாக நிற்பது இந்த விதியால்தான். நீளத்தையும் எஞ்சின் அளவையும் பார்த்துச் சலுகை தருகிறவர்கள், கூட்டின் பலத்தையும் ஒரு நிபந்தனையாக்கலாம். இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அதற்குக் காரை அனுப்புவது கம்பெனியின் விருப்பம். வரிச் சலுகை பெறும் ஒவ்வொரு சிறிய காரும் அந்தச் சோதனைக்குப் போயாக வேண்டும், அதன் நட்சத்திரத்தையும் அதன் பிளாட்ஃபார்மின் பெயரையும் விலைப்பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும்.

அந்த விதி வரும் வரை வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். ஷோரூமில் மைலேஜையும் டச் ஸ்கிரீனையும் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, மூன்று கேள்விகளை விடாமல் கேளுங்கள்: இது எந்த பிளாட்ஃபார்ம், இதன் உடன்பிறப்புகள் எவை, இந்தியாவில் விற்கும் இந்த மாடலுக்கு, இதே வகைக்கு, எத்தனை நட்சத்திரம். பதில் தெரியாது என்றால், தெரிந்துகொண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அது கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.